ஹார்ன் காலிங் பெல் இல்லைங்க: சென்னை மடிப்பாக்கத்துல எங்க தெருவுல கார் வெச்சிருக்கிற எல்லாருக்கும் ஒரு திறந்த மடல்

எங்க தெருவுல கார் வெச்சிருக்கிற சார், மேடம் எல்லாருக்கும், கூடவே நம்ம குடியிருப்போர் சங்கத்து தலைவர், செயலாளர், பொருளாளர் மூணு பேருக்கும்,

வணக்கம். முதல்ல வாட்ஸப் குரூப்புல தான் போடலாம்னு நெனச்சேன். ஆனா அங்க என்ன போட்டாலும் அஞ்சு நிமிஷத்துல பூ போட்ட குட்மார்னிங்கும் "தண்ணி லாரி எப்ப வரும்"ங்கிற கேள்வியும் மேல ஏறி உக்காந்துக்கும், நாம எழுதினது அடியில போயிடும். அதனால தான் நீளமா, பொதுவுல எழுதறேன். யார் பேரும் போடல, யார் வண்டி நம்பரும் போடல. படிக்கும்போது "இது நம்மள தான் சொல்றானோ"ன்னு தோணுச்சுன்னா கோவப்படாதீங்க, பாதி இடத்துல நான் என்னைய தான் சொல்றேன்.

விஷயம் ஹார்ன்.

ரெண்டு மாசம் முன்னாடி கீழ்க்கட்டளை பக்கம் பைக்குல போகும்போது ரோட்டுல கொட்டி வெச்சிருந்த ஜல்லியில வழுக்கி விழுந்தேன்னு உங்கள்ல நிறைய பேருக்கு தெரியும், ஹார்லிக்ஸ், ஆப்பிள் எல்லாம் வாங்கிட்டு வந்து பாத்தீங்க, நன்றி. வலது கணுக்கால்ல விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. கால தூக்கி ஸ்டூல் மேல வெச்சுகிட்டு மாடி பால்கனில உக்காந்திருக்கிறத தவிர வேற வேலை கிடையாது. நம்ம தெருவுல பதினாலு வருஷமா இருக்கேன், ஆனா வார நாள்ல காலைல 9 மணிக்கு நம்ம தெரு எப்படி இருக்கும்னு எனக்கு தெரியவே தெரியாது, ஏன்னா அந்த நேரத்துக்கு நான் வேளச்சேரி ரோட்டுல நின்னு ஹார்ன் அடிச்சுகிட்டு இருப்பேன்.

முதல் ரெண்டு நாள் எரிச்சல். மூணாவது நாள் ஒரு பழைய டைரிய எடுத்து கோடு போட ஆரம்பிச்சேன். சும்மா பொழுதுபோக்கா தான். அக்கவுண்ட்ஸ் ஆளு, எதையாவது எண்ணலன்னா தூக்கம் வராது. ஒவ்வொரு ஹார்னுக்கும் ஒரு கோடு, எதுக்கு அடிச்சாங்கன்னு எட்டி பாத்து அதுக்கேத்த கட்டத்துல போடுறது. எட்டி பாக்க பாக்க தான் எனக்கே ஒண்ணு புரிஞ்சுது.

ஒரு புதன்கிழமை கணக்க மட்டும் சொல்றேன். காலைல 6 மணில இருந்து 10 மணி வரைக்கும் 118 ஹார்ன். விட்டு விட்டு ரெண்டு மூணு தடவை அடிச்சத ஒண்ணா தான் எண்ணினேன், தனித்தனியா எண்ணினா விரல் வீங்கிடும். இந்த 118ல முனையில திரும்பும்போது அடிச்சது 17. முன்னாடி போற ஆள், சைக்கிள், நாய், மாடு இதுங்கள ஒதுக்க அடிச்சது 21. எதுக்கு அடிச்சாங்கன்னே எனக்கு விளங்காதது 6, அதுல ஒருத்தர் ஆளே இல்லாத தெருவுல அடிச்சுட்டு போனாரு, பிள்ளையார் கோயில பாத்து கும்பிட்டாரோ என்னவோ. மீதி இருக்கிறது 74. அந்த எழுவத்தி நாலும் வண்டி ஓடிகிட்டு இருக்கும்போது அடிச்சதே இல்ல. வண்டிய நிறுத்திட்டு ஆள கூப்பிட அடிச்சது. கேட்டு திறக்க சொல்லி 41, வீட்டுக்குள்ள இருக்கிற யாரையோ கீழ வர சொல்லி 33.

அதாவது நூத்துக்கு அறுபதுக்கு மேல காலிங் பெல்லு. நான் இத்தனை நாளா நம்ம தெருவுல டிராபிக் அதிகமாயிடுச்சு, மெட்ரோ வேலைக்காக மேடவாக்கம் மெயின் ரோட்ட தோண்டினதுல வெளி வண்டியெல்லாம் உள் தெருவுக்குள்ள வந்துடுச்சு, அதனால தான் இந்த சத்தம்னு எல்லார்கிட்டயும் சொல்லிகிட்டு திரிஞ்சேன். மெட்ரோ தோண்டினதுல வண்டி கூடினது உண்மை தான், ஆனா சத்தத்துல பெரும்பங்கு நம்ம ஊட்டு சத்தம். நம்ம கேட்டுக்கு நாமளே அடிச்சுக்கிறது.

மொதல்ல கேட்டு ஹார்ன். அப்பார்ட்மென்ட் வாசல்ல கார் வந்து நிக்குது, ஒரு பாம். வாட்ச்மேன் தாத்தா எழுந்து செருப்ப தேடுறதுக்குள்ள ரெண்டாவது பாம், இது கொஞ்சம் நீளம். அவர் பின்பக்கம் மோட்டர் போட போயிருந்தார்னா மூணாவது, நாலாவது. அவருக்கு வயசு அறுபத்தஞ்சுக்கு மேல, பன்னெண்டு மணி நேர டூட்டி, நடுவுல பாத்ரூம் கூட போகக்கூடாதா அந்த மனுஷன்? ஒரு நாள் அவரே என் வீட்டுக்கு வந்து உக்காந்து பேசிகிட்டு இருந்தாரு, சொல்றாரு, "சார், சத்தத்த வெச்சே எந்த பிளாட்டு வண்டின்னு சொல்லிடுவேன், எந்த சார் ஆபீஸ்ல திட்டு வாங்கிட்டு வராருன்னும் சொல்லிடுவேன்". சிரிச்சுகிட்டு தான் சொன்னாரு. எனக்கு சிரிப்பு வரல. ஒரே ஒரு ஆள் காதுல விழ வேண்டிய சேதி, அதுக்காக எதிர் வரிசை பக்கத்து வரிசைன்னு நாப்பது வீட்டு காதுக்குள்ள போகுது.

இந்த இடத்துல தான் என் கதையும் வருது. எங்க வீடு தனி வீடு, வாட்ச்மேன் கிடையாது, கேட்ட திறக்கிறது வீட்டம்மா தான். நான் டைரிய காட்டி பெருமையா "பாத்தியா எத்தனை பேர் கேட்டுக்கு ஹார்ன் அடிக்கிறாங்கன்னு"ன்னு ஆரம்பிச்சேன். அவ அமைதியா கேட்டுட்டு சொன்னா: "இப்ப தான் உங்க காதுல விழுதாக்கும். கார் வாங்கின நாள்ல இருந்து சாயங்காலம் ஏழரைக்கு நீங்க வந்து அடிப்பீங்க, நான் அடுப்ப விட்டுட்டு ஓடி வந்து கேட்ட திறந்துட்டு திரும்பி போறதுக்குள்ள குக்கர் எத்தனை விசில் வந்துச்சுன்னு மறந்து போயிருக்கும். பருப்பு குழைஞ்சா நீங்களே தான் கேப்பீங்க, என்ன பருப்பு இப்படி இருக்குன்னு".

பதினோரு வருஷம் நான் ஓட்டின கார் அது. ஒரு தடவை கூட இறங்கி போய் கேட்ட திறக்கணும்னு எனக்கு தோணினதில்ல. இறங்கி, திறந்து, ஏறி, உள்ள விட்டா மொத்தம் ஒரு நிமிஷம் கூட ஆகாது, இப்ப கால் சரியானப்புறம் பாத்துட்டேன், நாப்பது செகண்டு. அந்த நாப்பது செகண்ட மிச்சம் பிடிச்சு நான் என்னத்த சாதிச்சேன்னு தெரியல.

ரெண்டாவது, ஆள கீழ வர சொல்ற ஹார்ன். ஸ்கூல் வேன் காலைல ஆறு அம்பதுக்கு ஆரம்பிக்கும், அப்புறம் கால் டாக்ஸி, ஆபீஸ் கேப், அப்புறம் மனைவிய மெட்ரோ ஸ்டேஷன்ல விட காரை வெளிய எடுத்துட்டு காத்திருக்கிற கணவன்மார்கள். இதுல வேன் ஓட்டுற அண்ணன்மேல நான் குத்தம் சொல்ல மாட்டேன். அவருக்கு நம்ம ஏரியாவுல பன்னெண்டு நிறுத்தம், ஒவ்வொரு வீட்டுலயும் ரெண்டு நிமிஷம் லேட்டு ஆச்சுன்னா கடைசி குழந்தை ஸ்கூல்ல பிரேயர் முடிஞ்சு தான் போய் சேரும், அந்த குழந்தையோட அம்மா அவருக்கு தான் போன் போட்டு கத்துவாங்க. அவர் ஹார்ன் அடிக்கிறாருன்னா புள்ள இன்னும் மூணாவது மாடில சாக்ஸ் தேடிகிட்டு இருக்குன்னு அர்த்தம். ஆறு நாப்பத்தஞ்சுக்கே புள்ளய கேட்டுகிட்ட நிறுத்திட்டீங்கன்னா அந்த அண்ணன் வாய தொறக்கவே மாட்டாரு, சாரி, ஹார்ன தொறக்கவே மாட்டாரு. நான் பாத்த வரைக்கும் கீழ ரெடியா நிக்கிற குழந்தைங்களுக்கு அவர் ஒரு தடவை கூட அடிக்கல. அதே வேன், அதே டிரைவர்.

கணவன்மார்கள் விஷயத்துல நான் ஒண்ணும் சொல்றதா இல்ல. போன்னு ஒண்ணு இருக்கு, மிஸ்டு கால்னு ஒண்ணு இருக்கு. அவ்ளோ தான்.

மூணாவது அந்த முனை. பால் பூத்துக்கு எதிர்ல நம்ம தெரு போய் குறுக்கு தெருவுல முட்டுற இடம். அங்க ஹார்ன் அடிக்கிறவங்கள நான் தப்பு சொல்லல, அடிக்கணும், டிரைவிங் ஸ்கூல்லயே திருப்பத்துல அடின்னு தான் சொல்லி குடுத்தாங்க. ஆனா ஏன் அங்க கண்ணு தெரிய மாட்டேங்குது? தெரு அப்படியே தான் இருக்கு. முனையிலயே ஒட்டி ரெண்டு கார் நிரந்தரமா நிக்குது, அதுல ஒண்ணு கவர் போட்டு, டயர்ல காத்து இல்லாம நின்னு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, இப்ப அடியில பூனை வேற குட்டி போட்டிருக்கு. தெரு முனையிலயும் வளைவுலயும் வண்டி நிறுத்தக்கூடாதுங்கிறது சாலை விதி, இது யாருக்கும் தெரியாம இல்ல. அந்த ரெண்டு வண்டியும் இருவது அடி தள்ளி நின்னா எதிர்ல வர்றவன் மூஞ்சி தெரியும். கூடவே கல்யாண மண்டபத்து பார்க்கிங் வளைவுல வெச்சிருப்பாங்களே குவிஞ்ச கண்ணாடி, அது ஒண்ணு அந்த கம்பத்துல மாட்டினா பாதி ஹார்ன் அங்கயே குறையும். சங்கத்து பொருளாளர் சார், இது உங்களுக்கு. போன வருஷம் தெரு விழாவுக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு குடுத்த காசுல பத்துல ஒரு பங்கு ஆகாது.

ஆள ஒதுக்க அடிக்கிற ஹார்ன் பத்தி நீட்ட மாட்டேன். நம்ம தெருவுல நடைபாதை கிடையாது, மழைநீர் வடிகால் மூடி மேல நடந்தா அது ஆடுது, அதனால எல்லாரும் ரோட்டுல தான் நடக்கணும். வயசானவங்க முதுகுக்கு பின்னாடி ரெண்டடி தூரத்துல வந்து அடிச்சா அவங்க எங்க போவாங்க? பயந்து நடுரோட்டு பக்கம் தான் திரும்புறாங்க, பாத்திருக்கேன். பத்து செகண்டு பின்னாலயே மெதுவா வாங்க, அவங்களே வண்டி சத்தம் கேட்டு ஒதுங்குவாங்க.

இப்ப ராத்திரி.

இதுல சட்டம் என்ன சொல்லுதுன்னு நான் படிச்சேன், படிச்சப்புறம் தான் எனக்கு ஆச்சரியம். குடியிருப்பு பகுதியில ராத்திரி 10 மணில இருந்து காலைல 6 மணி வரைக்கும் ஹார்ன் அடிக்கவே கூடாது. மெதுவா அடி, கம்மியா அடின்னு இல்ல, கூடவே கூடாது, பொது அவசரம்னா மட்டும் விலக்கு. 2005 ஜூலைல சுப்ரீம் கோர்ட்டு ஒலி மாசு வழக்குல சொன்னது, அப்புறம் 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள்ல 2010ல ஒரு திருத்தம் கொண்டு வந்து எழுதியே வெச்சுட்டாங்க. ஆஸ்பத்திரி, ஸ்கூல், கோர்ட்டு இதுங்கள சுத்தி 100 மீட்டர அமைதி மண்டலம்னு அறிவிக்கிறாங்களே, அங்க பகல்லயும் கூடாது. பட்டாசுக்கும் ஸ்பீக்கருக்கும் ராத்திரி 10 மணின்னா எல்லாருக்கும் தெரியுது, மண்டபத்துக்காரரே வந்து ஆஃப் பண்ணிடுவாரு. அதே கட்டுப்பாடு ஹார்னுக்கும் இருக்குன்னு நான் கேட்டு பாத்த பத்து பேர்ல ஒருத்தருக்கும் தெரியல. எனக்கும் கால் உடையிற வரைக்கும் தெரியாது.

அதே விதிகள்ல குடியிருப்பு பகுதிக்கு பகல்ல 55 டெசிபல் (சத்தத்த அளக்குற அலகு), ராத்திரி 45 டெசிபல்னு வெச்சிருக்காங்க. இது ஒரு நொடி சத்தத்துக்கு இல்ல, அந்த நேரம் முழுசுக்குமான சராசரி. சராசரின்ன உடனே நான் நெனச்சேன், அப்ப ராத்திரி ஒரு தடவை அடிச்சா எட்டு மணி நேரத்துல அது கரைஞ்சு போயிடுமேன்னு. என் பொண்ணு இன்ஜினியரிங் படிக்கிறா, அவகிட்ட கேட்டேன். அவ பேப்பர்ல போட்டு காட்டினா. டெசிபல்ங்கிறது நம்ம ரூபா கணக்கு மாதிரி கூட்டி வகுக்கிறது கிடையாதாம், ஒவ்வொரு பத்து டெசிபலுக்கும் ஒலியோட சக்தி பத்து மடங்கு ஏறும். கார் ஹார்ன் ஏழு மீட்டர் தள்ளி 100 டெசிபல் பக்கம் இருக்கும், கொஞ்சம் குறைச்சே 95ன்னு வெச்சுக்கலாம்னு சொன்னா. 45க்கும் 95க்கும் நடுவுல அம்பது டெசிபல், அதாவது பத்த அஞ்சு தடவை பெருக்கணும், ஒரு லட்சம் மடங்கு. அந்த 95ல ராத்திரி 10ல இருந்து 6க்குள்ள ஒரே ஒரு தடவை, ரெண்டே ரெண்டு செகண்டு அடிச்சா போதும், மீதி நேரம் பூரா ஊசி விழுந்தா கேக்குற அமைதியா இருந்தாலும் ராத்திரி முழுசுக்குமான சராசரி 53 வந்துடும். லிமிட் 45. ஒரே ஹார்ன், ரெண்டு செகண்டு, அன்னிக்கு ராத்திரி கோட்டா அவ்ளோ தான், தாண்டியாச்சு.

நான் அந்த பேப்பர பத்திரமா வெச்சிருக்கேன், யாருக்காவது சந்தேகம்னா வந்து பாக்கலாம். கணக்குல தப்பு இருந்தா சொல்லுங்க, பொண்ணு சண்டைக்கு வருவா.

இன்னொண்ணும் அவ சொன்னா, இது கணக்கு இல்ல, பாத்தாலே புரியிறது. ஹார்ன் இருக்கிறது காரோட மூஞ்சில, கிரில்லுக்கு பின்னாடி, சத்தம் முன்னாடி பாத்து போற மாதிரி. ஓட்டுறவர் கண்ணாடிய ஏத்திவிட்டு, ஏசி போட்டு, இளையராஜா கேட்டுகிட்டு பின்னாடி உக்காந்திருக்காரு. ஆக அந்த இடத்துல இருக்கிற எல்லாரையும் விட கம்மியா கேக்குறது அடிக்கிறவருக்கு தான். அதுல நம்ம தெரு முப்பதடி கூட இல்ல, ரெண்டு பக்கமும் மூணு மாடி சுவரு, சத்தம் பக்கவாட்டுல பரவ வழி இல்லாம சுவத்துக்கு சுவரு மோதி மாடிக்கு மாடி ஏறுது. நாம கீழ "லேசா ஒரு தட்டு தட்டினேன்"னு நெனப்போம், மேல ரெண்டாவது மாடில அது லேசா இருக்காது. பால்கனில ஆறு வாரம் உக்காந்தவன் சொல்றேன், நம்புங்க.

அப்ப போலீஸ்கிட்ட சொல்லலாமேன்னு கேப்பீங்க. சொல்லலாம். 2019ல மோட்டார் வாகன சட்டத்த திருத்தினப்ப 194எஃப்னு ஒரு பிரிவு சேத்தாங்க, தேவையில்லாம, விடாம ஹார்ன் அடிச்சா முதல் தடவை 1000 ரூபா, அடுத்த தடவை 2000. நான் ஒரு தடவை 100க்கு போன் பண்ணேன், போன மாசம் ராத்திரி 12 மணிக்கு நாலு பசங்க காருக்குள்ள உக்காந்துகிட்டு பிறந்தநாளுக்கு பத்து நிமிஷம் ஹார்ன்லயே தாளம் போட்டாங்களே, அன்னிக்கு. ரோந்து வண்டி வந்துச்சு, வந்தவங்க நல்லா தான் பேசினாங்க, ஆனா அவங்க வரும்போது கேக்கு வெட்டி முடிச்சு தெருவே சமத்தா தூங்குது. ஹார்ன் ஒரு சத்தம் சார், வந்த உடனே காணாம போயிடும், அத பிடிச்சு வெச்சு காட்ட முடியாது. காலைல 6.50க்கு வேன் கூப்பிடுறதுக்கும் சாயங்காலம் கேட்டு ஹார்னுக்கும் ஒவ்வொரு தெரு முனையிலயும் ஒரு போலீஸ்காரர நிறுத்த எந்த ஊர்லயும் முடியாது. அதனால தான் கமிஷனருக்கு எழுதாம உங்களுக்கு எழுதறேன்.

போர்டு வைக்கலாம்னு சொல்லாதீங்க. ஏற்கனவே ஒண்ணு இருக்கு, "குடியிருப்பு பகுதி, ஒலி எழுப்பாதீர்"னு, யாரோ டியூஷன் சென்டர்காரங்க வெச்சு குடுத்தது, அதுல டியூஷன் சென்டர் போன் நம்பர் ஒரு அடி உயரம், ஒலி எழுப்பாதீர் மூணு இஞ்சு. இப்ப அதுமேல ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிட்டாங்க. அந்த போர்டுக்கே அஞ்சலி மாதிரி இருக்கு.

"இந்தியாவுல ஹார்ன் இல்லாம ஓட்ட முடியாதுங்க"ன்னு நம்ம குரூப்புல ஒரு அண்ணன் போன வாரம் எழுதியிருந்தாரு. சென்னைல இருந்து தெக்க போற ஜி.எஸ்.டி நெடுஞ்சாலைல ஓட்டும்போது எனக்கும் அப்படி தான் தோணும், லாரிக்கு பின்னாடியே "சவுண்ட் ஹார்ன்"னு எழுதி கூப்பிடுறான். ஆனா மிசோரம்ல ஐஸால்னு ஒரு ஊரு இருக்கு, அதுவும் இந்தியா தான், மலை மேல குறுகலான ரோடு, வண்டிக்கு குறைவே கிடையாது, அங்க பைக்கு எல்லாம் ஓரமா ஒத்தை வரிசையில, காரெல்லாம் இந்த பக்கம் வரிசையில, ஹார்ன் இல்லாம நகந்து போறத வீடியோல பாத்திருப்பீங்க. காத்மாண்டுல 2017 ஏப்ரல்ல அவங்க வருஷப்பிறப்பு அன்னிக்கு ஹார்ன தடை பண்ணாங்க, நம்ம ஊரு மாதிரியே அடிச்சுகிட்டு இருந்த ஊரு தான் அது. மும்பை போலீஸ் சிக்னல்ல ஒரு வேலை பண்ணாங்க, நிக்கிறவங்க ஹார்ன் சத்தம் 85 டெசிபல தாண்டினா சிவப்பு விளக்கு மறுபடியும் முதல்ல இருந்து எண்ண ஆரம்பிச்சுடும். அடிச்சா இன்னும் நில்லுன்னு. எனக்கு அது ரொம்ப பிடிச்சுது, நம்ம வாட்ச்மேன் தாத்தாவுக்கும் அப்படி ஒரு அதிகாரம் குடுக்கலாம், ரெண்டாவது ஹார்ன் அடிச்சா கேட்டு இன்னும் ரெண்டு நிமிஷம் லேட்டா தான் திறக்கும்னு. மத்திய மந்திரி கட்கரி அவர்கள் ஹார்னுக்கு பதிலா புல்லாங்குழல், தபலா சத்தம் வைக்கணும்னு பேசினாரு. ஐயா, அது புல்லாங்குழலே ஆனாலும் காலைல அஞ்சரை மணிக்கு விமான நிலையம் போற கேபுக்காக எங்க வீட்டு வாசல்ல வாசிக்க வேண்டாம்.

சரி, நான் என்ன பண்ணேன்னு சொல்லிடறேன். ஆன்லைன்ல வயர் இல்லாத காலிங் பெல் ஒண்ணு வாங்கினேன், நானூத்தி சொச்சம் ரூபா. சுவிட்சு கேட்டுக்கு வெளிய, கார்ல உக்காந்தபடியே கண்ணாடிய இறக்கி கைய நீட்டினா எட்டுற உயரத்துல, மழை படாம ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவ வெட்டி மேல கூரை மாதிரி ஒட்டிட்டேன். பெல்லு சமையல்கட்டுல. சத்தம் வீட்டுக்குள்ள மட்டும். நான் தனியா வந்தா அதையும் அடிக்கிறதில்ல, இறங்கி நானே திறந்துக்கிறேன், வீட்டம்மா இப்ப விசில சரியா எண்றா. மூணு வாரமா ஓடுது, ஒரு தடவை மட்டும் தெரு பசங்க அமுக்கிட்டு ஓடினாங்க. அது ஹார்ன விட நூறு மடங்கு தேவலாம்.

அப்பார்ட்மென்ட்காரங்களுக்கு இதையே வாட்ச்மேன் உக்காருற இடத்துலயும் மோட்டர் ரூம்லயும் ரெண்டு பெல்லா வெச்சுடலாம், ஒரே சுவிட்சுக்கு ரெண்டு பெல்லு வர்ற செட்டும் கிடைக்குது. இல்லாட்டி சாயங்காலம் ஆறரைல இருந்து எட்டரை வரைக்கும், எல்லாரும் வந்து சேர்ற நேரம், கார் கேட்ட திறந்தே வெச்சு தாத்தாவ பக்கத்துல சேர் போட்டு உக்கார சொல்லுங்க, அவருக்கும் எழுந்து எழுந்து உக்காருற வேலை மிச்சம். ராத்திரி லேட்டா வர்றவங்க கிளம்பும்போதே அவருக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க, அவர் போனுக்கு மாசா மாசம் ரீசார்ஜ் சங்கம் பண்ணட்டும். லைட்ட ஒரு தடவை அடிச்சு காட்டினாலும் போதும், அவருக்கு கண்ணு நல்லா தெரியும், கண்ணாடி போட்டிருக்காரு. கால் டாக்ஸி புக் பண்றவங்க "வந்ததும் ஹார்ன் அடிக்க வேண்டாம், போன் பண்ணுங்க"ன்னு அந்த ஆப்புல ஒரு வரி மெசேஜ் தட்டிடுங்க, நான் இப்ப அப்படி தான் பண்றேன், டிரைவர் தம்பிங்க யாரும் மறுத்ததில்ல.

ரிவர்ஸ் எடுக்கும்போது பாட்டு பாடுற வண்டி நம்ம தெருவுல மூணு இருக்கு. அதுல ஒண்ணு காலைல அஞ்சே முக்காலுக்கு பின்னாடி வரும்போது "ஹேப்பி பர்த்டே" வாசிக்குது, தினமும் யாருக்கு பிறந்தநாள்னு தெரியல. கேமரா, சென்சார் எல்லாம் வந்தாச்சு, மெக்கானிக்கிட்ட சொன்னா அந்த வயர கழட்ட அஞ்சு நிமிஷம். சைலன்சர மாத்தி வெச்சிருக்கிற பைக்கு தம்பிங்களுக்கு தனியா ஒரு மடல் எழுதுவேன், அது இதுல சேராது.

வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு சங்க கூட்டம் மொட்டை மாடில இருக்குன்னு செயலாளர் சார் போட்டிருந்தாரு. தண்ணி வரி, குப்பை வண்டி, சிசிடிவி இந்த மூணுக்கும் அப்புறம் நாலாவதா இத சேத்துக்கோங்க. முனை கண்ணாடிக்கு என் பங்கா ஐநூறு ரூபா எடுத்து வெச்சிருக்கேன். டைரியையும் கொண்டு வரேன், யார் வண்டி எத்தனைன்னு அதுல கிடையாது, எதுக்குன்னு மட்டும் தான் இருக்கு, ஒருத்தரும் பயப்பட வேண்டாம். மாவுக்கட்டு பிரிச்சாச்சு, மூணு மாடியும் ஏறி வந்துடுவேன், கொஞ்சம் மெதுவா.

இப்படிக்கு,
பால் பூத்துக்கு நாலு வீடு தள்ளி, மாடி பால்கனிக்காரன்

பி.கு: முனையில கவர் போட்டு நிக்கிற காரோட ஓனர் யாருன்னு இதுவரைக்கும் தெரியல. வண்டிய நகத்துறதுக்கு முன்னாடி தயவு செஞ்சு அடியில பாருங்க, குட்டிங்க நாலு இருக்கு, இன்னும் கண்ணு முழுசா தெறக்கல. ஒரு பத்து நாள் கழிச்சு நகத்தினா போதும். அதுக்காக ஹார்ன் அடிச்சு விரட்ட வேண்டாம்.